அடுத்தவன் முறையில் மாற்ற வேண்டிய டயர்

கார் டயரை எப்போது மாற்றுவது என்று கேட்டால் வெளியே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் என்பான் ஒருவன், இத்தனை வருஷம் ஆனால் என்பான் இன்னொருவன். டயரின் பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு ரப்பர் மேடு இருக்கும், மேல்மட்டம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அப்புறம் ஒரு நாள்கூட ஓட்டாதே என்பான் விவரம் தெரிந்தவன். அந்த மூன்று அடுக்கு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் இந்த விஷயத்தில் கருத்து வேற்றுமையே கிடையாது. டயரை மாற்ற வேண்டிய நேரம் அடுத்தவன் முறை. அவ்வளவுதான்.

அப்பா விட்டுப்போன கார் அது. போகிறவர் சும்மா போயிருக்கலாம். மூன்று பிள்ளைகளையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், எவன் முறையில் எது கெட்டுப்போகிறதோ அதை அவனே சரிபண்ணட்டும் என்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வாழ்ந்து முடித்த மனுஷன் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. அன்றிலிருந்து அந்தக் காரில் எதுவும் யார் முறையிலும் கெட்டுப்போனது கிடையாது. எல்லாம் கெட்டுப்போகிற நிலைமைக்கு வரும், வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடுத்தவன் கைக்குப் போகும்.

இந்தக் கூத்தையெல்லாம் கீழ்த்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அண்ணி. மூத்தவனின் மனைவி. மாடியில் இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, எதிர்வீட்டுக்காரர்களுக்கும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும்கூட அவள் அண்ணிதான். சட்டை தைக்கிற கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்க சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்து, சரியில்லாததைத் தூக்கிப் போடுகிற வேலை. அந்தப் பழக்கம் சாயந்தரம் அவள் கூடவே வீட்டுக்கும் வந்துவிடும். மனிதர்களையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

நடுக் கொழுந்தனுக்கு அவள் வைத்த பேர் விஞ்ஞானி. காற்றை அளவுக்கு மேல் அடைத்தால் டயரின் ஓரம் தேயாது, நடுவில் மட்டும்தான் தேயும் என்று கண்டுபிடித்தவன் அவன். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிக்கொண்டே இருந்தால் நான்கும் ஒன்றுபோல நாசமாகும், எது முதலில் போயிற்று என்று ஒருத்தரும் விரல் நீட்ட முடியாது என்று கண்டுபிடித்தவனும் அவனே. இந்த மூளையை வைத்து உருப்படியாக ஏதாவது செய்திருந்தால் இந்நேரம் நாலு பேருக்குச் சோறு போட்டிருப்பான்.

சின்னவன் பேர் பாவம். அது அண்ணி வைத்ததில்லை, குடும்பமே வைத்தது. பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். ஒன்றும் தெரியாத அந்தப் பாவம், தன் முறையின் கடைசி மாதத்தில் காரைத் தொடவே தொடாது. வேலைக்கு விஞ்ஞானியின் பைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும். பெட்ரோலும் விஞ்ஞானியுடையதுதான். டயர் இவன் கணக்கில் செத்துவிடக் கூடாதாம்.

தன் புருஷன் விஷயத்தில் மட்டும் அண்ணிக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற இரண்டும் பிச்சைக்காரப் புத்தி, இவர் அப்படியில்லை என்று உறுதியாக நம்பினாள். அதற்குக் காரணமும் இருந்தது. கார் கைக்கு வந்ததும் பெரியவர் முதல் வேலையாக அலைன்மெண்ட் பார்க்கக் கொண்டுபோவார். நாலு சக்கரமும் ஒரே நேரில் நிற்கிறதா என்று மிஷின் வைத்துப் பார்த்துத் திருத்துகிற வேலை அது. ஆறு மாதத்தில் மூன்று தடவையாவது போய்விட்டு வருவார். வந்து டயருக்குக் கறுப்புப் பாலிஷ் வேறு போடுவார்.

"மத்தவங்க மாதிரியா? எங்க வீட்டுக்காரர் வண்டிய பெத்த பிள்ளை மாதிரி வெச்சுக்கிறாரு" என்று மாடிப்படியில் நின்று, விஞ்ஞானியின் பெண்டாட்டி காதில் நன்றாக விழும்படி சொல்லுவாள். அவளும் துணி உலர்த்திக்கொண்டே, "ஆமாக்கா, கேள்விப்பட்டேன்" என்பாள். அந்தக் கேள்விப்பட்டேனில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததை அண்ணி கவனிக்கவில்லை. ஊரார் சட்டையையெல்லாம் திருப்பிப் பார்த்தவள் தன் வீட்டுச் சட்டையைத் திருப்பாமலே மடித்து வைத்துவிட்டாள்.

பெரியவர் முறை முடிகிற மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணிதான் காரை எடுத்தாள். மகளையும் மகனையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூட வளைவில் தண்ணீர் கட்டி நின்றது. மெதுவாகத்தான் போனாள். பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. ஸ்டீரிங்கைத் திருப்பினாள், அது தன் பாட்டுக்குத் திரும்பியது, கார் அதன் பாட்டுக்குப் போயிற்று. மதில் சுவர் கண்ணாடி முழுக்க வந்து நிறைந்தபோதுதான் நின்றது. பின் சீட்டில் மகள் தன் தம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்திருந்தாள். ஒருத்தரும் அழவில்லை, கத்தவில்லை.

சாயந்தரம் வீட்டில் பஞ்சாயத்து. பெரியவர் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மழையில பாத்து ஓட்டணும்னு தெரியாதா உனக்கு? பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா?"

"மெதுவாத்தாங்க போனேன். நிக்கவே மாட்டேன்னுடுச்சு."

"வண்டி மேல பழி போடாத. போன மாசந்தான் அலைன்மெண்ட் பாத்தேன். ஓட்டத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

விஞ்ஞானியும் பாவமும் சத்தம் கேட்டு இறங்கி வந்து படியில் உட்கார்ந்து ரசித்தார்கள். பயத்தில் அண்ணி பிரேக்குக்குப் பதில் வேறு எதையாவது மிதித்திருப்பாள் என்று விஞ்ஞானி ஒரு விளக்கம் கொடுத்தான். பாவம் சரி சரி என்று தலையாட்டியது. எதற்கும் யாரிடமும் விட்டுக்கொடுக்காத அண்ணி அன்றைக்கு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தவள் தான்தான் என்று அவளே நம்பிவிட்டாள். ஒரு வாரம் கார் சாவியின் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரக் கடைசியில் ஒரு பயணம் இருந்தது. அண்ணியின் அக்கா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியிருந்தாள், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று தினமும் போன் பண்ணினாள். சனிக்கிழமை பெரியவரே ஓட்டுவதாக ஏற்பாடு. அதற்கடுத்த வாரம் அவர் முறை முடிந்து கார் பாவத்தின் கைக்குப் போகிறது. மலைப்பாதை என்றால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மழையும் விடுவதாக இல்லை.

அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை. யோசிக்க யோசிக்க, அன்றைக்கு அந்த ஸ்டீரிங் நடந்துகொண்ட விதம் நினைவுக்கு வந்தது. நேர் ரோட்டிலேயே அது இங்கும் அங்கும் அலைந்தது உண்மை. போன முறை விஞ்ஞானியுடையது. எதையோ நோண்டி வைத்துவிட்டுத்தான் இவர் தலையில் கட்டியிருக்கிறான், இவரும் வெகுளியாக நம்பி வாங்கிக்கொண்டார் என்று முடிவு கட்டினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், பிடித்து விஞ்ஞானியை நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த வாரம் புதன்கிழமை லீவு போட்டாள். பெரியவர் வேலைக்குப் போனதும் காரை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் போகிறவர்களெல்லாம் முந்திக்கொண்டு போகிற வேகத்தில், டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

டயர் கடைக்காரரை அந்த வட்டாரமே 'சரிங்க' என்றுதான் கூப்பிடும். வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம். டயரில் காற்று அதிகம் வை என்றால் சரிங்க, குறைத்து வை என்றால் சரிங்க. எதிர்த்துப் பேசினால் வாடிக்கை போய்விடும் என்ற பயத்திலேயே முதுகு வளைந்துபோன ஆள். அண்ணியைக் கண்டதும் எழுந்தார், ஆனால் முகம் சரியில்லை.

"வண்டிய மேல தூக்குங்க. எல்லாச் சக்கரத்தையும் பாக்கணும்" என்றாள் அண்ணி.

"பெரியவர் சொன்னாருங்களா?"

"நான் சொல்றேன்."

"சரிங்க."

லிஃப்ட் காரைத் தலைக்கு மேல் தூக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் டயருக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளம் இன்னும் தெரிந்தது, பாலிஷ் பளபளத்தது. அண்ணி குனிந்து அடியில் போய் முன் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே டயரே இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் மழுங்கி, நூல் பிரிந்து, உள்ளே இருக்கிற கம்பி வெளியே வந்து நின்றது. தொட்டுப் பார்த்தாள், சுருக்கென்று குத்தி ரத்தம் வந்தது. அடுத்த சக்கரத்தையும் பார்த்தாள். அதுவும் அதே லட்சணம்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா!" அண்ணிக்கு ரத்தம் வந்ததுகூட உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். "எனக்குத் தெரியும்! இது எங்க நடுத்தம்பி வேலைதான். நீங்க இப்பவே கிளம்பி வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட இத சொல்றீங்க. என் மேல பழி போட்டு அந்த மனுஷன் ஒரு வாரமா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காரு."

கடைக்காரர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நடுத்தம்பி இல்லீங்க அக்கா."

"பின்ன யாரு, பேய் வந்து தேச்சுச்சா?"

"பெரியவர்தாங்க."

வெளியே யாரோ ஒருத்தன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனான். அண்ணி குத்துப்பட்ட விரலை அப்போதுதான் துடைத்தாள்.

"வெளிப்பக்கம் தேஞ்சு பள்ளத்து மேடு கிட்ட வந்துருச்சுங்க, வண்டி பெரியவர் கைக்கு வந்தப்பவே" என்றார் கடைக்காரர். "மாத்திடலாங்களான்னு கேட்டேன். என் முறையில மாத்துறதா, வெளியில தேயறத உள்ளுக்கு அனுப்பு, யாரு குனிஞ்சு பாக்கப்போறான்னு சொன்னாரு. முன் சக்கரம் ரெண்டுக்கும் மூக்க கொஞ்சம் வெளிய திருப்பி வெச்சா பாரமெல்லாம் உள் ஓரத்துல உக்காருங்க. வெளி ஓரம் அப்படியே நிக்கும். அதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்து இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னாரு."

"நீங்களும் திருப்புனீங்க."

"சரிங்கன்னேன்."

நேராக்குவதற்கென்று இருக்கிற மிஷினில் காசு கொடுத்துக் கோணலாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். அண்ணி மாடிப்படியில் நின்று பீற்றிக்கொண்ட மூன்று அலைன்மெண்டும் அதுதான். விஞ்ஞானி பெண்டாட்டி சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"கம்பி வந்திருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"போன வாரம் திங்கக்கிழமை வந்தாருங்க. அவரே குனிஞ்சு பாத்தாரு. மாசக் கடைசி வரைக்கும் தாங்குமான்னாரு. தாங்கும்னு சொல்ல முடியாதுங்கன்னேன். தாங்காதுன்னும் சொல்ல முடியாதுல்ல அப்படின்னாரு."

திங்கட்கிழமை. கம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினவரும் அவரே. அன்று சாயந்தரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு என்று கேட்டாரே, அந்த வாயை நினைத்தபோது அண்ணிக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு வாரம் தன்னைத் தானே திட்டிக்கொண்டது அதைவிட அருவருப்பாக இருந்தது.

"கழுத்த அறுக்கச் சொன்னாலும் சரிங்கதானா உங்களுக்கு?"

"சரிங்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார் அந்த ஆள். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

"புது டயர் போடுங்க. நாலும். என் சம்பளத்துல தர்றேன். போட்டுட்டு நேரா, கேக்குதா, நேரா அலைன்மெண்ட் பண்ணுங்க."

அந்த அளவு டயர் கடையில் இருப்பு இல்லையாம். ஆர்டர் போட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடுமாம். அண்ணி போடச் சொல்லிவிட்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தாள். மழையில் நனைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

பெரியவர் சாயந்தரம் காரை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கொட்டகையில் நிறுத்தினார். கடைக்காரர் போன் பண்ணியிருப்பார். அண்ணி மாடியில் இருந்த இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டாள். கூடத்தில் நின்றுகொண்டே கேட்டாள்.

"டயர்ல கம்பி தெரியுது. உங்க அண்ணன்தான் அப்படித் தேய வெச்சிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்பார்கள், அண்ணன் மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தாள். விஞ்ஞானி சிரித்தான்.

"அந்த ஐடியாவே என்னோடது அண்ணி. என் அடுத்த முறையில செய்யலாம்னு வெச்சிருந்தேன். அண்ணன் முந்திக்கிட்டாரு."

"நான் ரெண்டு வாரம் முன்னாடியே கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன்" என்றது பாவம். "பவுடர் போடுற சின்னக் கண்ணாடி இருக்குல்ல, அத அடியில நீட்டுனா எல்லாம் தெரியும். மாசக் கடைசியில அண்ணன் குடுக்கும்போது வாங்க மாட்டேன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"அடப்பாவி, கண்ணாடியா!" என்று பெரியவர் தம்பியின் தோளில் தட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள். சீட்டாட்டத்தில் ஒருத்தன் இன்னொருத்தனின் சீட்டைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு.

"மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள் அண்ணி. "நானும் பிள்ளைங்களும் அதுல போறதும் தெரியும். மதில் மேல மோதப் போனது நான் ஓட்டத் தெரியாமதான்னு இந்தப் படியில உக்காந்து கதையளந்தப்பவும் தெரியும்."

சிரிப்பு நின்றது. விஞ்ஞானி தரையைப் பார்த்தான்.

"அண்ணன் முறை நடக்கும்போது நாங்க எப்படி அண்ணி மூக்க நுழைக்கிறது?"

அண்ணியின் வாயில் வராத வசவு கிடையாது. ஆனால் அன்றைக்கு எந்த வசவும் இவர்கள் அளவுக்கு இறங்கி வரவில்லை. போய்ச் சாப்பிடுங்க போங்க என்று கையை வீசி அனுப்பினாள்.

அவர்கள் போனதும் பெரியவர் சமாதானத்துக்கு வந்தார். "இங்க பாரு. இன்னும் ஒரு வாரந்தான். சனிக்கிழமை நான்தானே ஓட்டப்போறேன், நீ இல்லையே."

"அதே டயர்லயா? மலையிலயா?"

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது. இப்ப நான் புது டயர் போட்டா அடுத்த வாரம் சின்னவன் ஏறி உக்காந்துக்கிட்டு ஜம்முனு போவான். ஆறு மாசம்! நான் காசு போடணும், அவன் ஓட்டணும். நான் என்ன கேனையனா?"

"நான் காசு போடுறேன்."

"நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? நம்ம தலையிலதானே விழுது!"

"அந்த டயர்ல என் பிள்ளைங்க கால் வெக்காது. சொல்லிட்டேன்."

பெரியவர் டி.வி.யைப் போட்டார். பேசட்டும், சனிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தன்னால் வந்து ஏறுவாள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஏறியிருக்கிறாள். அதை நினைத்தபோது அண்ணிக்குத் தன் மேலும் கொஞ்சம் இளக்காரம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் போன் பண்ணினாள்.

"டயர் வந்துருச்சுங்க" என்றார் கடைக்காரர். "ஆனா பெரியவர் வேண்டாம்னுட்டாருங்க."

"நான் போடச் சொன்னேன்ல?"

"நீங்க போடச் சொன்னீங்க, சரிங்கன்னேன். அவரு வேண்டாம்னாரு, அவருக்கும்..."

அண்ணி போனை வைத்துவிட்டாள். அன்றைக்குச் செக்கிங் மேஜையில் அவள் தூக்கிப் போட்ட சட்டைகளைப் பார்த்து சூப்பர்வைசரே பயந்துபோய், என்னாச்சும்மா என்று கேட்டார். ஒண்ணுமில்ல சார், எல்லாம் உள்பக்கம் மோசமா இருக்கு என்றாள்.

சனிக்கிழமை விடிந்தபோது பெரியவர் வீட்டில் இல்லை, காரும் இல்லை. கோபித்துக்கொண்டு எங்காவது போயிருப்பார், போகட்டும். அண்ணி பிள்ளைகளைக் குளிக்க வைத்து, துணியை ஒரு பையில் அடைத்து, அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த பழத்தை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். மலைக்குப் போகிற பஸ் பத்து மணிக்கு. மழை தூறிக்கொண்டிருந்தது. மகனுக்குக் காரில் போகவில்லையே என்று குறை, முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மகள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மதிலைக் கிட்டத்தில் பார்த்தவள் அவள்.

பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்து அவர்கள் முன்னால் நின்றது. பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க கிளம்பிட்ட? வீட்டுல வந்து பாத்தா காணோம். கீழ பாரு!"

அண்ணி பார்த்தாள். நாலு சக்கரத்திலும் புது டயர். புது ரப்பருக்கே உரிய அந்தச் சின்னச் சின்ன முள் முடி இன்னும் உதிரவில்லை.

"கடை திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னு போட்டுட்டு வந்தேன். அலைன்மெண்ட்டும் ஆச்சு. நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகுது. ஏறு, ஏறு, மழை."

மகன் ஓடிப் போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்தான். அண்ணிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மனுஷன் ராத்திரி முழுக்க யோசித்திருப்பார், பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்திருக்கும், என்னதான் இருந்தாலும் பெற்றவர் இல்லையா என்று நினைத்தாள். பையைத் தூக்கிக் காரில் வைக்கப் போனாள்.

"எப்படிங்க திடீர்னு மனசு மாறுனீங்க?"

"மனசாவது ஒண்ணாவது!" பெரியவர் ஸ்டீரிங்கில் தட்டிச் சிரித்தார். "நேத்து சின்னவன்கிட்ட பேசி முறைய மாத்திக்கிட்டேன். அவனோட ஆறு மாசத்தையும் நானே வெச்சுக்கறேன், எனக்கு அடுத்து வர்ற முறைய அவன் எடுத்துப்பான். புது டயரோட நல்ல காலம் பூரா நம்மகிட்ட. தேயற காலத்துல அவன் தலையில. எப்படி? அவன் கண்ணாடி வெச்சுப் பாத்தானாம்ல, இப்ப பாக்கட்டும்!"

அண்ணியின் கை பையோடு அப்படியே நின்றது.

"தம்பி ஒத்துக்கலன்னா?"

"அதான் ஒத்துக்கிட்டானே."

"ஒத்துக்கலன்னான்னு கேக்குறேன். அப்ப எந்த டயர்ல வந்து நின்னிருப்பீங்க?"

பெரியவருக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் மாதிரி, நல்ல மனசோடு பதில் சொன்னார்.

"ஒத்துக்கலன்னா... மெதுவாத்தான் ஓட்டியிருப்பேன்."

பின்னால் பஸ் வந்து நின்றது. காரை எடு என்று ஹாரன் அடித்தது. அண்ணி மகனின் கையைக் கதவிலிருந்து விலக்கினாள். மகளை முன்னால் விட்டு, மகனைத் தூக்கிப் படியில் வைத்து, பையோடு பஸ்ஸில் ஏறினாள்.

"ஏய், என்ன இது? நாலும் புதுசு! இங்க பாரு, நாலும் புதுசு!" என்று பெரியவர் கத்திக்கொண்டிருந்தார்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தான்.

"அப்பா வரலையாம்மா?"

"வருவாரு" என்றாள் அண்ணி. "டயரோட வருவாரு."